உத்தேசமாக

வக்கீல் பக்கிரிசாமி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"பில்லெல்லாம் இருக்கா?"

இருந்தது.
குடவாசல் மருந்துக்கடைச் சீட்டுகள்,
மழையில் நனைந்து மை கலைந்தவை பதினொன்று,
கலையாதவை நாற்பத்துமூன்று.
தஞ்சாவூரில் இரண்டாம் தடவை வயிற்றைத் திறந்ததற்கு
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
அங்கே போன வண்டிக்கு மட்டும் ரசீது கிடையாது.
பக்கத்துவீட்டு டாடா ஏஸ்,
வைக்கோல்மேல் பாய் விரித்துப் படுத்துப் போனேன்.
"கேட்டுப் பார்க்கலாம்" என்றார்,
கிடைக்காது என்கிற குரலில்.

அடுத்து வருமானம்.
கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றினேன்,
சிந்தியதைக் கூட்டி அள்ளினேன்.
எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் இல்லை.
"உத்தேசமா மாசம் ஏழாயிரம்னு போடுவோம்."

உத்தேசமாக.
பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிற அந்தச் சின்னக் கருவிகூட
புள்ளி வைத்துத்தான் சொல்லும்.

இனிமேல் ஆகப்போகிற வைத்தியம் தனிக் கணக்காம்.
"எத்தனை வருஷத்துக்கும்மா?"
எனக்கு முப்பத்தொன்று.
அவரே விரல்விட்டு எண்ணினார்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஜூனியர் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு
தாம்பத்திய இழப்பு என்று ஒன்று உண்டு என்றார்.
கலியமூர்த்தி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.
அதில் போன வருஷத்து மார்கழி.
திரும்பும் பஸ்ஸில், கொரடாச்சேரி தாண்டி,
"அதுக்குமா காசு" என்றார்.
அப்புறம் வீடுவரை பேசவில்லை.

என் பெயர் தையல்நாயகி.
பிரசவத்தன்று சீட்டில் அதை எழுதும்போது
தையல் போட்ட டாக்டர் சிரித்தார்.
ஒரு முழத் துணி
ஏழு மாதம் எனக்குள் இருந்தது.
வலிக்கிறது என்றேன். வாயு என்றார்கள்.
ஓமத்தண்ணி குடி என்றார்கள்.
மூன்றாம் தடவை, வியாதி வயிற்றில் இல்லை
மனசில் என்று எழுதியே கொடுத்தார்கள்.
அந்தச் சீட்டும் இருக்கிறது.
"மன உளைச்சலுக்கு எவ்வளவு?" என்று வக்கீல் கேட்டபோது
அதைத்தான் எடுத்து நீட்டினேன்.

ஒருநாள் ராத்திரி ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார்,
ஜவுளிக்கடைப் பையில் நாலு லட்சம்,
வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட ஒரு தாள்.
"இது எந்த இனத்துலங்க வருது?" என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.
உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அந்த வாரம் வைத்தீஸ்வரன்கோயில் போனோம்.
தகடு விற்கிற கடையில்
கண், கை, கால், காது எல்லாம் ஒரே விலை.
கருப்பை கேட்டேன்.
கடைக்காரர் தட்டைத் துழாவிவிட்டு
"வயிறுன்னு வாங்கிப் போடும்மா, சாமிக்குத் தெரியும்" என்றார்.
சாமிக்குத் தெரியும்.
எதிர்த்தரப்பு வக்கீல்
"ஒரு குழந்தைதான் இருக்கிறதே" என்றார் திருவாரூரில்,
எல்லோர் முன்னாலும்.

நாலு குறுவை போயிற்று,
அதில் ஒன்று தண்ணீரில்.

தீர்ப்பு வந்தது.
மை கலைந்த பதினொன்றும் தள்ளுபடி.
வருமானம் ஏழாயிரம் இல்லை, நாலரை, உத்தேசமாக.
வலிக்கும் உளைச்சலுக்கும் சேர்த்து ஐந்து லட்சம்,
புகார் கொடுத்த நாளிலிருந்து ஒன்பது சதவீத வட்டி,
வழக்குச் செலவு பத்தாயிரம்.
தண்டனையாகக் கேட்ட தொகை மட்டும் இல்லை,
வேண்டுமென்று செய்ததாக நிரூபிக்கவில்லையாம்.
கலியமூர்த்தியின் காலண்டர்க் கணக்குக்கு
ஒரு வரிகூட இல்லை.
ஆஸ்பத்திரி சென்னைக்கு அப்பீல் போகிறது.

பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி:
புகார்தாரருக்கு இருந்த வலி உண்மையானது.
வக்கீலை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.
அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தேன்,
இரண்டு ரூபாய்.
ரசீது கேட்டேன்.
"ரெண்டு ரூபாய்க்கா?" என்றான் பையன்.
ஆமாம் என்று நின்றேன்.